433.775: ஒரு டிஃபால்ட் எண் கற்றுக்கொடுத்த பாடம்

ஆன்லைனில் ஒரு லோரா போர்டு வாங்கினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. ஜி.பி.எஸ். எங்கே இருக்குன்னு பார்த்து, அந்த இடத்தை ரேடியோவில் சிறு பாக்கெட்டாக அனுப்பும். ஐரோப்பிய ஹாம்கள் எழுதிய இலவச ஃபர்ம்வேர் இருந்தது. ஏற்றினேன், ஸ்கிரீன் எரிந்தது, எல்லாம் சரி. மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டுவது மட்டும் பாக்கி.

அன்னிக்குச் சாயந்திரம் 7 மெகாஹெர்ட்ஸில் வழக்கமாகப் பேசுகிற மூத்த ஹாம் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த அலைவரிசைல போடப் போறீங்க தம்பி?"

"433.775 மெகாஹெர்ட்ஸ் அண்ணாச்சி. ஃபர்ம்வேர்லயே அதான் இருக்கு."

"அது வெள்ளைக்காரன் வீட்டு முகவரில்லா! நம்ம வீடு 434ல இருந்துல்லா ஆரம்பிக்கு. மேல கட்டுறதுக்கு முன்னாடி உங்க லைசென்ஸ ஒருக்கா எடுத்துப் படிங்க."

எடுத்துப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. 70 சென்டிமீட்டர் பேண்டில் இந்திய ஹாம்களுக்கு உள்ளது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பாவில் 430 முதல் 440 வரை. அங்கே நடுவீட்டில் இருக்கிற 433.775, இங்கே நம்ம வேலிக்கு வெளியே. இருபது வருஷம் மென்பொருள் எழுதியவன், கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்க்காமலே புரொடக்‌ஷனுக்கு அனுப்பப் போயிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். ஆனா அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கு. அதைத்தான் சில வாரங்களாகத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

பட்டா வேறு, சந்தை வேறு

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, காசு வாங்காமல் பொழுதுபோக்காகவும் பரிசோதனைக்காகவும் ரேடியோவில் பேசுகிறவர்கள் ஹாம்கள். உரிமம் தருவது மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு. எங்கிருந்து எதுவரை ஒலிபரப்பலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். இது சட்டம். நிலத்துக்குப் பட்டா மாதிரி.

பேண்ட் பிளான் என்பது வேறு. கொடுத்த இடத்துக்குள்ளே யார் எங்கே உட்காருவது என்று ஹாம்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. சந்தையை நினைத்துக்கொள்ளுங்க. சந்தை நடக்கிற இடம் பஞ்சாயத்துடையது. ஆனா காய்கறி இந்த வரிசை, கருவாடு அந்த மூலை, ஆட்டு வியாபாரம் வேப்பமரத்தடி என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. வருகிறவர்களுக்குத் தெரியும். கருவாட்டுக் கூடையைப் பூக்காரி பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போலீஸ் வராது, சத்தம் வரும். மோர்ஸ் இந்தப் பகுதி, குரல் இந்தப் பகுதி, செயற்கைக்கோள் இந்தப் பகுதி என்பதும் அப்படித்தான்.

உலக அளவில் இந்தப் பேச்சுவார்த்தையை நடத்துவது 1925இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம். அதன் ஏற்பாடும் மூன்று வட்டாரமாகத்தான் இருக்கு. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதலாவது, அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது, நாம் இருக்கிற ஆசிய பசிபிக் மூன்றாவது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பேண்ட் பிளான்.

சிக்கல் என்னவென்றால், நம்ம பட்டா நம்ம வட்டாரத்தின் பட்டாவோடும் முழுசாகப் பொருந்தாது. மூன்றாவது வட்டாரத்தில் 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 148 வரை. இந்தியாவில் 146ஓடு முடிகிறது. 80 மீட்டர் பேண்ட் வட்டாரத்தில் 3500 முதல் 3900 கிலோஹெர்ட்ஸ். நமக்கு 3500 முதல் 3700, அப்புறம் தூரத்தில் தனியாக 3890 முதல் 3900 என்று ஒரு துண்டு. ஆக, மென்பொருளில் "வட்டாரம் 3" என்று தேர்ந்தெடுத்தாலும் தப்பு வரலாம். மலிவு விலைச் சீன வாக்கி டாக்கி 136 முதல் 174 வரை எங்கே கேட்டாலும் ஒலிபரப்பும். வேலி எங்கே என்று அதுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது நமக்கு.

காலி இடம் காலி இல்லை

"யாரும் இல்லையே, பேசினா என்ன?" புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. நானும் கேட்டவன். இதுக்குப் பதில் ஹாம்சாட்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 கிளம்பியது. கார்ட்டோசாட் 1 முக்கியப் பயணி. கூடவே போனது 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட், ஹாம்களுக்காகவே இஸ்ரோ அனுப்பிய செயற்கைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நாம் அனுப்புவதை வாங்கி, 145.9 பக்கம் திருப்பி அனுப்பும். இரண்டு வருஷம் ஓடினால் போதும் என்று செய்தது, 2014 ஜூலை வரை ஓடியது.

அதன் சக்தி சுமார் ஒரு வாட். நம்ம தலைக்கு நேர் மேலே வந்தாலே 600 கிலோமீட்டருக்கு மேல், சாய்வாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இப்போ ஒரு கணக்கு. அந்தச் செயற்கைக்கோள் ஆயிரம் கிலோமீட்டரில் இருக்கு. ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒருவர் ஐந்து வாட் வாக்கி டாக்கியில் அதே அலைவரிசையில் "டெஸ்ட், டெஸ்ட்" என்கிறார். தூரம் இருநூறில் ஒரு பங்கு, சக்தி ஐந்து மடங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற பள்ளிக்கூடப் பாடத்தைப் போட்டால், தடையில்லாத வெளியில் அவர் சிக்னல் இரண்டு லட்சம் மடங்கு பெரிசு. செயற்கைக்கோள் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்றுதான் ஆகும்.

அந்த வாக்கி டாக்கிக்காரருக்கு 145.9 காலியாகத்தான் தெரிந்திருக்கும். சாதாரண எஃப்.எம். ரிசீவரில் அந்தச் சிக்னல் கேட்கவே கேட்காது. அதனால்தான் பேண்ட் பிளானில் 145.8 முதல் 146 வரை செயற்கைக்கோளுக்கு என்று ஒதுக்கியிருக்கு. சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம மேலே போகும்போது 145.800இல் பேசுவதும் அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான். சட்டப்படி அங்கே நீங்க பேசலாம். பேசக்கூடாது என்பது மரியாதை.

எட்டு டோன், ஐம்பது ஹெர்ட்ஸ்

இப்போ 40 மீட்டர் பேண்டுக்கு வருவோம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை மாதிரி கீழே இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. தமிழ்நாடு அளவுள்ள நிலப்பரப்புக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. அதனால்தான் காலையில் நம்ம ஆட்கள் அங்கே கூடுகிறார்கள்.

ரொம்ப காலம் நம்ம பக்கத்தில் இந்த பேண்ட் வெறும் 7000 முதல் 7100 கிலோஹெர்ட்ஸ். 7100க்கு மேலே சிற்றலை வானொலி நிலையங்கள். 2003 உலக ரேடியோ மாநாட்டில் முடிவெடுத்து, 2009 மார்ச் 29க்குள் அந்த நிலையங்கள் 7200க்கு மேலே நகர்ந்தன. இப்போ நமக்கும் 7200 வரை இருக்கு. எஸ்.எஸ்.பி. முறையில் குரல் பேச சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வேணும். அதாவது அன்னிக்கு உரசாமல் முப்பத்து மூன்று உரையாடல், இன்னிக்கு அறுபத்தாறு. காகிதத்தில் தாராளம். மோர்ஸ், டேட்டா எல்லாத்துக்கும் இடம் விட்டால் அவ்வளவு தாராளமில்லை.

2017 ஜூலையில் எஃப்.டி.8 வந்தது. எழுதியவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும். டெய்லர் 1993இல் பல்சார் ஆய்வுக்காக இயற்பியல் நோபல் வாங்கியவர். மங்கலான சிக்னலைத் தோண்டி எடுப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. எஃப்.டி.8 எட்டு டோன்களில் பேசும், மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறையும் 15 விநாடி. ஒருவர் அனுப்ப, மற்றவர் கேட்க, மாறி மாறி. காதுக்கு எதுவுமே கேட்காத சிக்னலைக்கூடப் படித்துவிடும். ஒரு குரல் உரையாடலின் இடத்தில் அறுபது எஃப்.டி.8 சிக்னல்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். இதைவிடச் சிக்கனம் ஒரு பேண்டுக்கு வேறென்ன வேணும்?

ஆனா எங்கே உட்காருவது? 40 மீட்டரில் அதன் டிஃபால்ட் 7.074. அமெரிக்காவில் அது டேட்டாவுக்கான பகுதி, பிரச்சினை இல்லை. ஐரோப்பாவிலும் நம்ம பக்கமும் அது குரல் பேசுகிற இடம். எந்த வட்டாரக் கூட்டத்திலும் விவாதித்துத் தீர்மானம் போட்டு அந்த எண் இங்கே வரவில்லை. டவுன்லோட் செய்தவர்கள் யாரும் அதை மாற்றவில்லை, அவ்வளவுதான். இன்னிக்கு எந்த நேரம் 7.074க்குப் போனாலும் தேனீக்கூடு மாதிரி ஒரு முனகல். அங்கே யாரும் குரலில் பேசுவதில்லை. பேண்ட் பிளான் எழுதுகிறவர்கள் இப்போ நடந்ததைப் பார்த்து எழுத வேண்டிய நிலை.

ஜப்பானில் வேறு மாதிரி. அங்கே பேண்ட் பிளானுக்குச் சட்ட பலம் உண்டு. டிஃபால்ட் எண் தங்கள் பிளானோடு மோதியதால், அவர்கள் உள்நாட்டு எஃப்.டி.8 தொடர்புக்கு 7.041ஐ வைத்துக்கொண்டார்கள். அதாவது ஒரு நாடு "எங்க ஊருக்கு இது" என்று ஒரு எண்ணைச் சொன்னால், ஆட்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் லோரா கதையும் இதேதான். சட்டம், பேண்ட் பிளான் என்று இரண்டு அடுக்கு இருந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு அடுக்கு வந்துவிட்டது: மென்பொருளின் டிஃபால்ட். மூன்றிலும் அதிகம் கடைப்பிடிக்கப்படுவது அதுதான்.

விதிக்கு எப்படி வயசாகிறது

உரிமத்தில் அலைவரிசை மட்டும் இல்லை, என்ன வகை ஒலிபரப்பு என்பதும் குறியீடாக இருக்கும். ஏ1ஏ என்றால் மோர்ஸ். ஜே3இ என்றால் எஸ்.எஸ்.பி. குரல். முதல் எழுத்து பண்பேற்ற முறை, நடுவில் சிக்னலின் தன்மை, கடைசி எழுத்து என்ன தகவல் என்பது. அழகான முறை. ஆனா நம்ம அமெச்சூர் விதிகளின் அடிப்படை 1978இல் எழுதியது. அப்போ இருந்த முறைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டால், அப்புறம் பிறந்த முறை எதுவும் அந்தப் பட்டியலில் தானாகச் சேராது. ஒவ்வொன்றுக்கும் "இது எந்தக் குறியீட்டில் வரும்?" என்று பட்டிமன்றம்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய வேடிக்கை. சிற்றலை பேண்டுகளில் டேட்டா வேகம் விநாடிக்கு 300 சிம்பலைத் தாண்டக்கூடாது என்று 1980இல் ஒரு விதி. இடம் அதிகம் அடைக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். ஆனா அளந்தது இடத்தை இல்லை, வேகத்தை. பிற்பாடு அதே இடத்தில் அதிக வேகம் போகும் முறைகள் வந்தன. அவை அனுமதியில்லை. மெதுவாக, ஆனா அகலமாகப் போகும் முறைக்கு அனுமதி உண்டு! இதை மாற்றச் சொல்லி அங்குள்ள ஹாம் சங்கம் 2013இல் மனுப் போட்டது. 2023 நவம்பரில்தான் 300 எடுக்கப்பட்டு, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்ற வரம்பு வந்தது. பத்து வருஷம்.

இதில் எனக்குக் கிடைத்த பாடம்: எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே அளக்கணும். பக்கத்து ஆளுக்கு இடைஞ்சல் தருவது அகலம்தான். உள்ளே குரலா, டேட்டாவா, எந்தக் கம்பெனி முறை என்பதில்லை. முதலாவது வட்டாரத்தின் பேண்ட் பிளான் ரொம்ப நாளாகவே 200 ஹெர்ட்ஸ், 500 ஹெர்ட்ஸ், 2700 ஹெர்ட்ஸ் என்று அகலத்தால் பிரித்து வைத்திருக்கு. 2017இல் எஃப்.டி.8 வந்தபோது அந்த அட்டவணையில் அதுக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தது. வந்தவர்கள்தான் அங்கே போய் உட்காரவில்லை.

விதி பழசாவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பயன்படுத்தாத இடம் பறிபோகும். நம்ம பட்டியலில் 3300 முதல் 3400 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த 5ஜி ஏலத்தில் 3300 முதல் 3670 வரை விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவிலும் ஹாம்களிடமிருந்து 3.3 கிகாஹெர்ட்ஸை எடுக்க 2020இல் முடிவானது. ஊரே 5ஜி கேட்கும்போது நாலு பேர் பொழுதுபோக்குக்கு என்று அந்த இடத்தை நிறுத்திவைக்க முடியாது, நியாயம்தான். ஆனா மிச்சமிருக்கிற இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று காட்ட ஒரு ஒழுங்கான ஆவணம் வேணுமா, வேண்டாமா?

தண்ணி வந்த அன்னிக்கு

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் உள்வீட்டுச் சண்டைதானே என்று தோணலாம். எனக்கும் 2023 டிசம்பர் வரை அப்படித்தான்.

அந்த டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, பல இடங்களில் செல்போன் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து ஸ்ரீவைகுண்டம் நேர்கோட்டில் 75 கிலோமீட்டர்தான். அங்கே இருந்த சொந்தக்காரர்களுக்கு நாங்கள் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். ரிங் போகவே இல்லை.

அன்னிக்கு என் மேஜையில் என்னென்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இன்டர்நெட் வழியாக உலகத்தோடு பேசும் டிஜிட்டல் ஹாட்ஸ்பாட்: இன்டர்நெட் இல்லாத ஊருக்கு அது பிரயோஜனமில்லை. எஃப்.டி.8: "சிக்னல் ரிப்போர்ட் மைனஸ் 12" என்று சொல்லும், "மாடியில் நாலு பேர் இருக்கோம், குழந்தைக்குப் பால் வேணும்" என்று சொல்ல அதில் இடமில்லை. வாக்கி டாக்கி: ரிப்பீட்டர் இல்லாமல் 75 கிலோமீட்டர் போகாது. மிஞ்சியது 7 மெகாஹெர்ட்ஸ் குரல். ஒரு கார் பேட்டரி, மாடியில் ஒரு கம்பி.

அதுவும் எப்போ உதவும்? இரண்டு பக்கமும் ஒரே அலைவரிசையில் இருந்தால். போன் இல்லாதபோது "எந்த அலைவரிசைக்கு வரட்டும்?" என்று கேட்க வழியில்லை. முன்கூட்டியே தெரிந்திருக்கணும். மூன்றாவது வட்டாரத்தின் பேண்ட் பிளானில் அவசரத் தொடர்புக்கு என்று 3600, 7110, 14300 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் எண்கள் குறித்து வைத்திருக்கு. பக்கத்தில் இருக்கிற ஹாம் யாரையாவது பார்த்தால் 7110 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்க. உடனே பதில் சொன்னால் சந்தோஷம்.

என் யோசனைகள்

மென்பொருள்காரனின் பார்வை இது. குறை இருந்தால் சொல்லுங்க.

முதலில், வெளிநாட்டு பேண்ட் பிளானை எடுத்து நறுக்குவதை விட, இந்திய உரிமத்தின் அட்டவணையிலிருந்து ஆரம்பிக்கணும். வேலி எது என்பது முதல் வரி.

இரண்டாவது, முறையின் பெயரை எழுதாமல் அகலத்தை எழுதணும். அடுத்த எஃப்.டி.8 எந்தப் பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனா அதுக்கும் ஒரு அகலம் இருக்கும்.

மூன்றாவது, பி.டி.எஃப். மட்டும் போதாது. கணினி படிக்கிற மாதிரி ஒரு சின்ன ஃபைல், வெர்ஷன் எண்ணோடும் தேதியோடும். ஃபர்ம்வேர் எழுதுகிறவர் அதை இழுத்துக்கொண்டு "இந்தியா" என்று ஒரு தேர்வு வைக்கட்டும். டிஃபால்ட்தான் ராஜா என்றால், அந்த ராஜாவை நாம் உட்கார வைப்போம்.

நான்காவது, அவசர எண்கள் மட்டும் மாறக்கூடாது. மற்றதெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்தலாம். அந்த நாலைந்து எண்களைப் பள்ளிப்பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொடுக்கணும்.

கடைசியாக அந்த போர்டு

கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். 433.775ஐ அழித்தேன். 435க்கு மேலே செயற்கைக்கோள்காரர்கள் இருக்கிறார்கள், போகக்கூடாது. ஆக 434க்கும் 435க்கும் நடுவில் ஏதோ ஒன்று. எந்த எண்?

பழக்கமான நாலைந்து ஹாம்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு எண் சொன்னார்கள். ஒருவர், "எதுக்கு வம்பு, லைசென்ஸ் தேவையில்லாத 865–868க்கு வேற போர்டு வாங்கிடுங்க" என்றார். அண்ணாச்சி மட்டும், "அலைவரிசைய அப்புறம் பாப்போம், அந்த லோரா உங்க லைசென்ஸ்ல எந்தக் குறியீட்டுல வருதுன்னு மொதல்ல எழுதிக் கேளுங்க" என்றார். அந்தக் கடிதத்தைத்தான் இப்போ எழுதிக்கொண்டிருக்கேன்.

சட்டத்துக்குள்ளே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையில்லை. ஒரு நிமிஷம் ஆகும். ஆனா அந்த எண்ணில் நான் அனுப்பும் பாக்கெட்டைக் கேட்க எதிரே ஒருத்தர் இருக்கணுமே. அதுக்குத்தான் பேண்ட் பிளான்.